குழந்தையின் கையால் ஒரு பெட்டி

ஓசூரைக் கடந்து பெங்களூரை நோக்கிச் செல்லும் அன்பர்கள், தமிழக எல்லை தாண்டியதும் முதலில் காணும் ஊர் அத்திபெலே. ஆனேக்கல் வட்டத்தைச் சேர்ந்த இவ்வூரில் தமிழ்க் குடும்பங்கள் பல உண்டு. தொழிற்பேட்டை வேலையை நம்பி வந்து, திரும்பிப் போக மனமின்றித் தங்கிவிட்ட குடும்பங்களுள் எங்களுடையதும் ஒன்று. தீபாவளி நெருங்கினால் இங்கே நெடுஞ்சாலையோரம் பட்டாசு வணிகம் களைகட்டும். அந்நாளில் ஒருவர் ‘கிஃப்ட் பாக்ஸ்’ என்றால், கம்பி மத்தாப்பும் புஸ்வாணமும் தரைச்சக்கரமும் அடுக்கிய வண்ண அட்டைப் பெட்டி என்றே பிறர் பொருள் கொள்வர்.

2023-ஆம் ஆண்டு அக்டோபர் 7-ஆம் நாள் அத்தகைய கடையும் கிடங்கும் சேர்ந்த ஓரிடத்தில் தீப்பற்றியது. அன்றே 14 பேர் மாண்டனர். தீக்காயமுற்றோரில் சிலர் பின்னர் மருத்துவமனையில் இறந்தனர். இறந்தவர்களுள் பெரும்பாலோர் தருமபுரி, திருவண்ணாமலை, கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து பருவ வேலைக்கு வந்த தமிழ் இளைஞர்கள். படிக்கும் பிள்ளைகளும் அவர்களுள் இருந்தனர்.

அப்போது என் பேத்திக்கு எட்டு வயது. “தாத்தா, நம் வீட்டுப் பெட்டியை அடுக்கியதும் அந்த அண்ணன்கள்தாமா?” என்று கேட்டாள். விடை சொல்ல எனக்கு நாவெழவில்லை. அவ்வாண்டு தனக்குப் பட்டாசு வேண்டாம் என்றாள். அந்தப் பணத்தில், எங்கள் தெருக்கோடியில் கட்டடம் எழும்பும் மனையில் தகரக் கொட்டகைகளில் வாழும் பிள்ளைகளுக்கு வேறு பெட்டி செய்து கொடுக்கலாம் என்றும் சொன்னாள். அப்பிள்ளைகளின் பெற்றோர் ராய்ச்சூரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள். நாங்கள் நாற்பதாண்டுகளுக்கு முன் ஒரு தகரப் பெட்டியுடன் வந்து இறங்கியதற்கும் அவர்கள் வரவுக்கும் பெரிய வேற்றுமை இல்லை.

குழந்தையின் எண்ணம் நல்லதே. அதனைக் கெடுத்தவர்கள் பெரியவர்களாகிய நாங்கள்தாம். பத்துப் பெட்டிகளில் மிட்டாயும் பொம்மையும், அவளுடைய பழைய வண்ணக்குச்சிகளில் முனை ஒடிந்தவையும் போட்டு நிரப்பினோம். கொட்டகைப் பிள்ளைகளை வரிசையில் நிற்கச் சொன்னோம். ஒவ்வொருவரும் பெட்டி பெறும்போது படம் எடுத்தோம். ஒரு சிறுமி மட்டும் தலையை நிமிர்த்தவே இல்லை. “நிமிர்ந்து பாரம்மா” என்று நான் இருமுறை சொன்னேன்; அவள் பெட்டியை வாங்காமலே உள்ளே போய்விட்டாள். அவள் வயதும் என் பேத்தியின் வயதும் ஏறக்குறைய ஒன்றே. வீடு திரும்பும் வழியில் என் பேத்தி, “அவளுக்கு என்மேல் கோபமா?” என்றாள். கோபம் என்மேல் இருந்திருக்க வேண்டும்.

இந்தியாவில் 2009 முதல் ஆண்டுதோறும், இப்போது காந்தியடிகள் பிறந்த நாளை ஒட்டிய வாரத்தில், ‘தான் உத்சவ்’ என்னும் ஈகைத் திருவிழா நடைபெறுகிறது. முதலில் அது ‘ஜாய் ஆஃப் கிவிங் வீக்’ என வழங்கிற்று. அதில் பள்ளிப் பிள்ளைகளும் பங்கு கொள்கின்றனர். நல்ல வழக்கம்தான். ஆயினும் ஒரு வாரத்தில் நிரப்பிக் கொடுத்து முடிப்பதில், பெறுகின்ற பிள்ளை யார் என்று கொடுக்கின்ற பிள்ளைக்குத் தெரியாமலே போய்விடக் கூடும். எங்களுக்கு அதுதான் நேர்ந்தது.

மறு ஆண்டு முறையை மாற்றினோம். பெட்டி கட்டுவதற்கு ஒரு மாதம் முன்னரே பேத்தி மாலை வேளைகளில் கொட்டகைப் பக்கம் விளையாடப் போனாள். நானும் உடன் போய்த் திண்ணையில் அமர்ந்திருப்பேன். அவளுக்குக் கன்னடம் சரளம், ஒடியா வராது. விளையாட்டுக்கு அது தடையாகவில்லை. பிறகுதான் சில செய்திகள் தெரிய வந்தன. அரசுப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்குப் பாடநூலும் சீருடையும் கிடைத்துவிடுகின்றன. இல்லாதது நோட்டுப் புத்தகமே. அதிலும் இரண்டு கோடு போட்டது யாருக்கு, நான்கு கோடு யாருக்கு, கணக்குக்குக் கட்டம் போட்டது யாருக்கு என்று வேறுபாடு உண்டு. கடைக்காரர் கொடுத்ததை அப்படியே வாங்கினால் பாதி வீணாகும்.

செருப்பு வாங்குவோர் செய்யும் பிழை இன்னும் பெரிது. வயதைச் சொல்லி வாங்கிய செருப்பு காலில் சேராது. என் பேத்தி பழைய நாளிதழை விரித்து, ஒவ்வொரு பிள்ளையையும் அதன்மேல் நிற்க வைத்து, பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு வரைந்தாள். தன் பாதத்தையும் அவர்களைக் கொண்டு வரையச் செய்தாள். அன்று அங்கே எழுந்த சிரிப்பு இருக்கிறதே, அது முந்திய ஆண்டின் பத்துப் பெட்டிகளாலும் எழாத சிரிப்பு. ஒடிந்த வண்ணக்குச்சிகளை இம்முறை அவளே ஒதுக்கி, தன் உண்டியல் பணத்தில் புதியவை வாங்கினாள். எந்தப் பெட்டியில் எது வேண்டும் என்பதைப் பெரும்பாலும் அவளே தீர்மானித்தாள். நாங்கள் விலை மட்டும் பார்த்தோம். வரிசை இல்லை, படமும் இல்லை. தாய்மார்களிடம் கொடுத்துவிட்டு வந்தோம்.

இங்கே ஹிரோஷிமா நகரத்துச் செய்தி ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. 1945-இல் அணுகுண்டு வீழ்ந்த இடத்திற்கு மிக அண்மையில் இருந்தது ஹொன்காவா தொடக்கப் பள்ளி. 1947-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் நகரத்து ஆல் சோல்ஸ் தேவாலயத்தைச் சேர்ந்த பிள்ளைகள் பென்சில், தாள், வண்ணக்குச்சி, பசை என ஏறக்குறைய அரை டன் பொருளைத் திரட்டி ஹிரோஷிமாப் பிள்ளைகளுக்கு அனுப்பினர். இரு நாடுகளும் பகைத்துப் போரிட்டு ஈராண்டே ஆகியிருந்த காலம் அது. பெற்ற பிள்ளைகள் அதே வண்ணங்களைக் கொண்டு படங்கள் வரைந்து வாஷிங்டனுக்கு அனுப்பினர். பூத்த செர்ரி மரங்களும், விளையாடும் சிறுவர்களுமாக ஒளி மிகுந்த படங்கள் அவை. அவற்றுள் 48 இன்றும் உள்ளன. நெடுங்காலம் தேவாலயத்தில் கிடந்த அவை, பழுது பார்க்கப்பட்டு 2010-இல் ஹிரோஷிமாவில் காட்சிக்கு வைக்கப்பட்டன. சிறு வயதில் வரைந்த சிலர் முதியவராய் வந்து தம் படங்களைக் கண்டனர்.

திருப்பிக் கொடுக்க வழி இருந்தமையால் அப்பிள்ளைகள் வெறுங்கையர் ஆகவில்லை. எங்கள் தெருக்கோடியிலும் அப்படி ஒன்று நடந்தது. முதல் ஆண்டு தலை நிமிராத அந்தச் சிறுமி, தீபாவளிக்கு மறுநாள் எங்கள் வாயிலில் வந்து நின்றாள். கட்டடத்தில் மிஞ்சிய கம்பிச் சுருளை வளைத்து, சீசா மூடிகளைச் சக்கரமாக்கிச் செய்த சிறு வண்டி ஒன்று அவள் கையில் இருந்தது. என் பேத்தியிடம் அதை நீட்டி, எப்படி இழுத்தால் ஓடும் என்பதைக் கன்னடத்தில் விளக்கினாள். என் பேத்தி பாடம் கேட்பவளைப் போல் கேட்டுக்கொண்டாள். பின்பு இருவரும் அதை இழுத்துக்கொண்டு தெருவில் ஓடினார்கள்.