விளம்பரத் தடுப்பானும் படைப்பாளரின் வருவாயும்

சமையல், பாடம், பயணம் எனக் காணொலிகள் எடுத்து யூடியூபில் வெளியிடுவது இன்று பலருக்கு முழுநேரத் தொழில். ஈட்டிய தொகை 100 டாலரை எட்டியதும், மறுமாதம் 21ஆம் தேதிக்கும் 26ஆம் தேதிக்கும் இடையே கூகுள் நிறுவனம் அதை அனுப்புகிறது. அந்நியச் செலாவணியாக வந்து, ரூபாயாக மாறி, கணக்கில் வரவாகும் அத்தொகை மாதத்துக்கு மாதம் ஏறியிறங்கும். அதற்குக் காரணங்கள் பல. அதிகம் பேசப்படாத ஒன்று, விளம்பரத் தடுப்பான்.

முழுநீளக் காணொலியுடன் தோன்றும் விளம்பரங்களின் வருவாயில் 55 விழுக்காடு படைப்பாளரைச் சேரும், எஞ்சியது யூடியூபுக்கு. தடுப்பான் பொருத்திய உலாவியில் விளம்பரமே தோன்றாது. பார்வை எண்ணிக்கை ஒன்று கூடும். வருவாயில் ஒரு காசும் கூடாது.

இந்த இழப்பு எல்லாருக்கும் ஒரே அளவானதன்று. உலாவியில் இணைக்கும் தடுப்பான், கைப்பேசியின் யூடியூப் செயலிக்குள் இயங்குவதில்லை. ஆகவே கைப்பேசியில் பார்க்கப்படும் சமையல் காணொலிகளுக்குப் பாதிப்பு குறைவு. கணினி முன் அமர்ந்து நிரல் எழுதக் கற்பவர்களுக்குப் பாடம் நடத்துபவரோ அதை நன்றாகவே உணர்வார்.

கனடாவின் புகழ்பெற்ற தொழில்நுட்பப் படைப்பாளர் லைனஸ் செபாஸ்டியன், விளம்பரத்தைத் தடுப்பது திருட்டுப் பிரதி பார்ப்பதற்கு ஒப்பானது என்றார். அதற்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. படைப்பாளர்களிலேயே பலர் அவ்வளவு தூரம் செல்வதில்லை. தாங்களும் தடுப்பான் பயன்படுத்துவதாக ஒப்புக்கொள்வோரும் உண்டு. ஐந்து விநாடியில் விளம்பரத்தைத் தாண்டிச் செல்பவராலும் பல நேரங்களில் வருவாய் கிடைப்பதில்லையே என்பது அவர்கள் வாதம். சிலருக்கு வருத்தம் பார்வையாளர் மீதன்று. அடுத்தடுத்து விளம்பரங்களைத் திணிக்கும் தளத்தின் மீது. ஆனால் எட்டு நிமிடத்துக்கு மேற்பட்ட காணொலியின் நடுவே எத்தனை விளம்பரம், எவ்விடத்தில் என்பதைப் படைப்பாளரே முடிவுசெய்ய இயலும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பார்வையாளர் பக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை. தேடுபொறி விளம்பரங்களில் நிறுவனங்களின் பெயரால் மோசடி நடப்பதால் தடுப்பான் பயன்படுத்துமாறு அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. 2022 டிசம்பரில் அறிவுறுத்தியது. வங்கிகளின் பெயரில் போலி விளம்பரங்கள் உலவுவதைக் காணும் நான், அந்த அறிவுரையைத் தவறென்று கூறமாட்டேன். தடுப்பானை நீக்க விரும்பாதோர், தமக்குப் பிடித்த தளங்களுக்கு மட்டும் அதில் விலக்கு அளிக்கலாம். பெரும்பாலான தடுப்பான்களில் அவ்வசதி உண்டு. 2019 முதல் இந்தியாவில் கிடைக்கும் யூடியூப் பிரீமியத்தில் சேர்ந்தால் விளம்பரம் இராது. சந்தாவின் ஒரு பகுதி, பார்த்த நேரத்துக்கேற்பப் படைப்பாளர்களுக்குப் பகிரப்படும்.

2023இல் யூடியூப் தடுப்பான்களுக்கு எதிராக உலகளாவிய நடவடிக்கை எடுத்தது. அனுபவம் மிக்க படைப்பாளர்கள் அதை மட்டும் நம்பியிருக்கவில்லை. காணொலிக்குள் தாமே பேசி அறிமுகப்படுத்தும் பொருள்களுக்கு நிறுவனங்களிடம் நேரடி ஒப்பந்தம் செய்கின்றனர். அப்பகுதியைச் சாதாரணத் தடுப்பான் தொடுவதில்லை. அத்தகைய ஒப்பந்தங்களும் வருமான வரிக் கணக்கும் கைவசம் இருந்தால், கடன் மனுவைப் பரிசீலிக்கும் அலுவலரின் பணியும் எளிதாகிறது.