70 வயது டிராக்டரும் 3 நாள் வெயிலும்... உலர்புல்லுக்கு அது போதும்!

‘35 ஹெச்.பி-தானே, இதை வைத்துக்கொண்டு என்ன செய்ய?’ என்று, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பழைய டிராக்டரை வந்த விலைக்குத் தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. இங்கிலாந்திலோ, ஐந்து, பத்து ஏக்கர் வைத்திருக்கும் சிறு பண்ணையாளர்கள் பலர் 60, 70 வயதான டிராக்டர்களைக் கொண்டுதான் ஆடு, மாடு, குதிரைகளுக்கான குளிர்காலத் தீவனத்தை இன்றைக்கும் தயார் செய்கிறார்கள். பழைய பொருள்மீது இருக்கும் ஆசை மட்டும் இதற்குக் காரணமல்ல. இதில் ஒரு கணக்கும் இருக்கிறது.

1035-ன் தாத்தா

அங்கே அதிகம் கண்ணில் படுவது, சாம்பல் நிற ஃபெர்குசன் டி.இ.20. ஹாரி ஃபெர்குசன் வடிவமைத்த இந்தச் சிறிய டிராக்டர், 1946 முதல் 1956 வரை கோவென்ட்ரி நகரில் 5 லட்சத்துக்கும் மேல் தயாரானது. இன்று எல்லா டிராக்டரிலும் இருக்கும் ஹைட்ராலிக் மூன்று முனை இணைப்பைப் பரவலாக்கியதும் இதுதான். இதை அடுத்து வந்தது, 35 வரிசை. அந்த வழியில் வந்ததுதான், 1960-ல் சென்னையில் தொடங்கப்பட்ட டாஃபே நிறுவனத்தின் மாஸி ஃபெர்குசன் 1035. ஆக, நம் ஊர்க் கொட்டகையில் நிற்பது அந்த டிராக்டரின் பேரன்!

வெயில் குடிக்கும் 3 டன் தண்ணீர்

உலர்புல் என்பது வைக்கோல் அல்ல. கதிர் முற்றி, சத்தெல்லாம் தானியத்துக்குப் போன பிறகு மிஞ்சும் தாள்தான் வைக்கோல். பூக்கும் பருவத்தில், சத்து இலையிலும் தண்டிலும் இருக்கும்போதே அறுத்துக் காயவைப்பது உலர்புல்.

அப்போது அறுத்த புல்லில் சுமார் 80 சதவிகிதம் ஈரம். பத்திரமாகச் சேமிக்க, அது 15 சதவிகிதம் அளவுக்கு இறங்க வேண்டும். அதாவது, 1 டன் உலர்புல் கிடைக்க, 4 டன்னுக்கும் மேல் பச்சைப்புல்லை அறுத்து, 3 டன்னுக்கும் மேலான தண்ணீரை ஆவியாக்க வேண்டும். இந்த வேலையைச் செய்வது வெயிலும் காற்றும்தான். டிராக்டருக்குக் கூடுதலாக 50 ஹெச்.பி இருந்தாலும், புல் ஒரு மணி நேரம் முன்னதாகக் காய்ந்துவிடப் போவதில்லை.

இங்கிலாந்தில் ஜூன், ஜூலையில்கூட மழையில்லாத மூன்று, நான்கு நாள்கள் தொடர்ந்து கிடைக்கும் என்று நம்பியிருக்க முடியாது. பெரிய இயந்திரம் வைத்திருக்கும் வாடகைக்காரர், பெரிய பண்ணைகளை முடித்துவிட்டுத்தான் சின்ன வயலுக்கு வருவார். அதற்குள் மழை வந்துவிட்டால், அறுத்த புல் கறுத்து, சத்து கரைந்துவிடும். ‘காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்’ என்பது நம் களத்துமேட்டுப் பழமொழி. சொந்தமாக ஒரு சின்ன டிராக்டர் இருந்தால், வெயில் வந்த அன்றே அறுக்கலாம். அதுதான் அவர்களுடைய கணக்கு.

நான்கு வேலை, நான்கு கருவி

அறுப்பு: காலைப் பனி காய்ந்த பிறகு, பக்கவாட்டில் நீட்டியிருக்கும் கத்திப் பட்டையால் அறுக்கிறார்கள். கத்தரிக்கோல்போல வெட்டுவதால், இதற்குக் குறைந்த சக்தியே போதும். தரையிலிருந்து 7 முதல் 10 செ.மீ வரை தாளை விட்டு அறுத்தால், அறுத்த புல் அதன்மேல் கிடக்கும். அடியிலும் காற்று போகும்.

புரட்டுதல்: அறுத்த சில மணி நேரத்தில் ஒரு முறை, பிறகு தினமும் புல்லை உதறிப் புரட்டுகிறார்கள். மேல்புல் காய்ந்து, அடிப்புல் ஈரமாகக் கிடப்பதுதான் பின்னால் பூஞ்சணத்துக்குக் காரணம்.

வரிசை கூட்டுதல்: கம்பி விரல்கள் கொண்ட சக்கரங்கள், தரையில் உருண்டபடியே புல்லை வரிசையாகக் கூட்டும். இதற்கு பி.டி.ஓ-வே தேவையில்லை. இழுத்துப் போனால் போதும்.

கட்டுதல்: சக்தி கேட்கும் ஒரே வேலை இதுதான். சதுரக் கட்டு போடும் சிறிய பேலருக்குக் குறைந்தது 30 முதல் 35 ஹெச்.பி தேவை. ஒரு கட்டு சுமார் 20 கிலோ இருக்கும். ஒருவரே தூக்கி அடுக்கலாம்.

ஈரக்கட்டு எரியும்

அவசரப்பட்டு ஈரத்தோடு கட்டினால், நுண்ணுயிர்கள் வேலை செய்து கட்டுக்குள் சூடு ஏறும். பூஞ்சணம் பிடித்த புல், மாட்டுக்கும் ஆகாது. அதன் தூசியைச் சுவாசிக்கும் மனிதர்களின் நுரையீரலுக்கும் ஆகாது. உள்வெப்பம் 65 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் ஆபத்து. தீ வைக்காமலே போர் தானாக எரிந்துவிடும். அடுக்கிய முதல் சில வாரங்களில்தான் இந்த ஆபத்து அதிகம்.

ஈரம் பார்க்கக் கருவி இல்லாதவர்கள், பாட்டிலில் கொஞ்சம் உலர்புல்லையும், காய்ந்த தூள் உப்பையும் போட்டுக் குலுக்கிப் பார்க்கலாம். உப்பு கட்டிக்கொண்டால், இன்னும் ஈரம் இருக்கிறது. உதிரியாகவே இருந்தால், கட்டலாம்.

பழைய டிராக்டர், பழைய ஆபத்து

பி.டி.ஓ தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றுகிறது. அதாவது, ஒரு விநாடிக்கு 9 சுற்று. வேட்டி முனையோ, துண்டோ, முந்தானையோ சிக்கினால், கையை இழுத்துக்கொள்ளக்கூட நேரம் இருக்காது. பழைய வண்டிகளில் தண்டின் மேல்மூடி பெரும்பாலும் உடைந்தோ, கழற்றப்பட்டோ இருக்கும். முதல் செலவு அந்த மூடிக்காக இருக்கட்டும். அடைத்துக்கொண்ட புல்லை எடுக்கும் முன் இன்ஜினை நிறுத்தி, சாவியைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, கவிழ்வது. பிரிட்டனில் 1970 முதல், புதிய டிராக்டர்களுக்குக் கவிழ்ந்தாலும் ஓட்டுநரைக் காக்கும் சட்டகம் கட்டாயமானது. அதற்கு முந்தைய வண்டிகள் பலவற்றில் அது இல்லை. எனவே, சரிவிலும் வாய்க்கால் கரையிலும் பழைய வண்டியை ஓட்டாமல் இருப்பதே நல்லது.

நம் நிலத்தில்...

வெயிலுக்கு நமக்குப் பஞ்சமில்லை. கொங்குப் பகுதிக் கொறங்காடுகளின் கொழுக்கட்டைப்புல், மானாவாரித் தீவனச் சோளம், தட்டைப்பயறு எல்லாமே உலர்தீவனத்துக்கு ஏற்றவை. சோளத்தைப் பூத்த பிறகே அறுக்க வேண்டும். இளம்பயிரிலும், வறட்சியில் வாடிய பயிரிலும் மாட்டைக் கொல்லும் நச்சு இருக்கும். தட்டைப்பயற்றை, இலை பதமாக இருக்கும் காலை நேரத்தில் புரட்டுங்கள். உச்சி வெயிலில் புரட்டினால், சத்துள்ள இலையெல்லாம் உதிர்ந்து, வெறும் தண்டுதான் மிஞ்சும்.

வாசகர்கள் அடிக்கடி கேட்பவை

கேள்வி: என் டிராக்டரில் சிங்கிள் கிளட்ச். பேலர் மாட்டலாமா?

மாட்டலாம். ஆனால் சிரமம். கிளட்சை மிதித்தால் வண்டியோடு பி.டி.ஓ-வும் நின்று, பேலர் அடைத்துக்கொள்ளும். டபுள் கிளட்ச் இருந்தால், பாதி மிதிக்கும்போது வண்டி மட்டும் நிற்கும், பேலர் ஓடும். சுழல்கத்தி இயந்திரம் மாட்டுவதானால், ஓவர்ரன் கிளட்ச் அவசியம். அது இல்லாவிட்டால், சுழலும் கத்தியின் வேகம் நீங்கள் கிளட்சை மிதித்த பிறகும் டிராக்டரை முன்னே தள்ளும்.

கேள்வி: 2 ஏக்கர் தீவனத்துக்குச் சொந்த பேலர் தேவையா?

தேவையில்லை. ஆட்களை வைத்தோ, சிறிய அறுவைக் கருவியிலோ அறுத்து, காயவைத்து, உதிரியாகவே போர் போடுங்கள். புல்லைக் கொண்டுவந்து சேர்க்க உங்கள் பழைய டிராக்டரே போதும். கட்டுகளாக விற்கும் எண்ணம் இருந்தால் மட்டும் பேலரை வாடகைக்கு எடுங்கள்.