முதல் வெளியீட்டின் விலை 666 நாள்

ஆரக்கிள் கையில் இருந்த, நிரல் எழுதுவதற்கான மென்பொருளான நெட்பீன்ஸ், 2016 அக்டோபர் 1 அன்று அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளையின் இன்குபேட்டருக்குள், அதாவது புதிய திட்டங்களுக்கான நுழைவு நிலைக்குள், நுழைந்தது. அப்பாச்சி பெயரில் அதன் முதல் பதிப்பான 9.0 வெளிவந்தது 2018 ஜூலை 29 அன்று. இடையில் 666 நாள். அடுத்த பதிப்பு 10.0, அதே ஆண்டு டிசம்பர் 27இல் வந்துவிட்டது, 151 நாள்தான். 2019 ஏப்ரல் 4இல் 11.0, 98 நாள்.

முதல் பதிப்புக்கு மட்டும் நான்கு மடங்குக்கு மேல் காலம் பிடித்திருக்கிறது. அந்த நாள்கள் எங்கே போயின?

பாதி, நிரல் கைக்கு வருவதற்கு முன்பே போய்விட்டது. முதல் தவணை மூலநிரல் அப்பாச்சிக்கு வந்து சேர்ந்தது 2017 செப்டம்பரில். கொடுக்கிறேன் என்று அறிவிப்பது ஒரு நாள் வேலை. இருபது ஆண்டுகளாகப் பலர் எழுதிச் சேர்த்த நிரலில் எது ஆரக்கிளுடையது, எது பிறருடையது என்று பார்த்துப் பிரித்துக் கொடுப்பதற்குத்தான் மாதங்கள் ஆகின்றன. வந்த பிறகும் கோப்புகளின் தலைப்பில் இருந்த பழைய உரிமக் குறிப்பை எடுத்துவிட்டு அப்பாச்சி உரிமம் 2.0ஐ எழுத வேண்டும். ஜி.பி.எல். உரிமத்தில் உள்ள நூலகம் அப்பாச்சி வெளியீட்டுக்குள் இருக்கக் கூடாது. நெட்பீன்ஸ் சார்ந்திருந்த, மாற்றியமைத்த ஜாவா கம்பைலர் இந்த விதியில் சிக்கியது. அதை வெளியீட்டுப் பொதிக்கு வெளியே வைத்து, விரும்புகிற பயனரே முதல்முறை திறக்கும்போது இறக்கிக்கொள்ளும்படி செய்தார்கள். திட்டம் போடுகிறவர் இந்தச் செலவை முதல் வரியிலேயே எழுத வேண்டும். கடைசி வாரத்தில் தெரியவந்தால் வெளியீடே நின்றுவிடும்.

வெளியீட்டுக்கு ஒப்புதல் தரும் வாக்கெடுப்புக்கும் கணக்கு உண்டு. குறைந்தது 72 மணி நேரம், செல்லுபடியாகும் 3 ஆதரவு வாக்குகள். இன்குபேட்டரில் இருக்கும் திட்டத்துக்கு இது இரண்டு சுற்று: முதலில் திட்டக் குழு, பிறகு இன்குபேட்டர் குழு. ஒரு முயற்சிக்கு 6 நாள். உரிமக் குறையால் பொதியைத் திரும்பக் கட்ட நேர்ந்தால் கணக்கு மறுபடி சுழியத்திலிருந்து. நான் திட்டமிட்டால் மூன்று முயற்சிக்கு 18 நாள் ஒதுக்குவேன்.

ஒப்பிட ஓர் எண்: அலுவலக மென்பொருளான ஓப்பன்ஆபீஸ் 2011 ஜூன் 13இல் இன்குபேட்டருக்கு வந்து 2012 மே 8இல் 3.4 பதிப்பை வெளியிட்டது. 330 நாள்.

நெட்பீன்ஸ் குழுவின் முடிவுகளில் நான் மிகவும் மதிப்பது, முழுவதும் வரட்டும் என்று காத்திராததுதான். 9.0இல் அடிப்படை ஜாவா மட்டும் இருந்தது. பி.எச்.பி., ஜாவாஸ்கிரிப்ட், குரூவி 10.0இல் சேர்ந்தன, நிறுவனப் பயன்பாட்டுக்கான ஜாவா 11.0இல். பி.எச்.பி. எழுதுகிறவருக்கு 9.0 குறைதான், பழைய 8.2இன் செருகுநிரல்களை இணைத்து ஒப்பேற்ற வேண்டியிருந்தது. ஆனால் அவருக்காக நிறுத்தியிருந்தால் ஜாவா நிரலர் இன்னும் ஐந்து மாதம் காத்திருந்திருப்பார். அவர் ஏற்கெனவே நிறையக் காத்திருந்தார். ஜாவா 9 வந்தது 2017 செப்டம்பர் 21. அதற்கான நெட்பீன்ஸ் கைக்கு வர 311 நாள். ஜாவா 11க்கு 93 நாள். 2019 மார்ச் 19இல் வந்த ஜாவா 12க்கு 16 நாள்.