மீன் வாடை அடிக்கும் பிளக் பாயிண்ட்

அம்மா இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். "அடுப்படியில மீன் கவுச்சி அடிக்குதுப்பா. இந்த வாரம் நம்ம வீட்ல மீனே வாங்கலையே." எலி ஏதாவது செத்துக் கிடக்கிறதோ என்று பரண்வரை தேடினோம். மூன்றாம் நாள் இண்டக்‌ஷன் அடுப்பின் பிளக்கைப் பிடுங்கும்போது அவர் விரல் சுட்டது. துளைகளில் ஒன்றைச் சுற்றிப் பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தது. எலக்ட்ரீஷியன் போர்டைக் கழற்றினார். உள்ளே வயரின் மேலுறை அரை விரல் நீளத்துக்குக் கருகிப் பொருக்காகிவிட்டிருந்தது. "ஸ்க்ரூ லூசா இருந்திருக்கு. வேற ஒண்ணுமில்ல" என்றார்.

அந்த "வேற ஒண்ணுமில்ல" இன்னும் என் மனதை விட்டுப் போகவில்லை.

வாடை எங்கிருந்து வருகிறது?

பல சுவிட்சுகளும் பிளக் பாயிண்டுகளும் செய்யப்படும் யூரியா ஃபார்மால்டிஹைடு வகைப் பிளாஸ்டிக்கில் நைட்ரஜன் உண்டு. அது அளவு மீறிச் சூடானால் அமீன் என்னும் வேதிப்பொருள்கள் கிளம்பும். மீனின் கவுச்சிக்கும் அமீன்கள்தான் காரணம். மூக்கு ஏமாறுவது அதனால்தான். காரணம் தெரியாத மீன் வாடையோ ரப்பர் தீய்ந்த வாடையோ வந்தால், எலியைத் தேடுவதற்கு முன் போர்டுகளைப் பாருங்கள். ஈரமில்லாத புறங்கையை வெளி மூடியின் மேல் வைத்தால் போதும். சுட்டால் மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும். "நாளைக்குப் பார்க்கலாம்" என்று தள்ளிப்போடும் வேலை அல்ல இது.

டிரிப்பர் கண்டுகொள்ளாத சூடு

மின்சாதனத் தீ என்றதும் எல்லோரும் சாதனத்தைச் சந்தேகிக்கிறார்கள். நான் முதலில் இணைப்பைத்தான் சந்தேகிப்பேன். கணக்கு எளிது. 2,000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு 230 வோல்ட்டில் 9 ஆம்பியருக்குச் சற்றுக் குறைவாகக் கரண்ட் இழுக்கும். லூசான ஒரு ஸ்க்ரூவில் வெறும் அரை ஓம் மின்தடை சேர்ந்தாலே, அந்த ஓரிடத்தில் ஏறத்தாழ 38 வாட் வெப்பம் உண்டாகும். டிவி மெக்கானிக் ஈயத்தை உருக்கும் சால்டரிங் அயர்ன் பெரும்பாலும் 25 வாட்தான். அதைவிட வலுவான ஒன்று சுவருக்குள் இருந்துகொண்டு, சமையல் நடக்கும் நேரமெல்லாம் கனிந்துகொண்டிருக்கிறது.

'டிரிப்பர்' என்று நாம் சொல்லும் எம்.சி.பி. இதைத் தடுக்காதா? தடுக்காது. அதன் கண்ணுக்கு ஓடுவது 9 ஆம்பியர். அது சரியான அளவு. ஆர்.சி.சி.பி. என்னும் இன்னொரு சாதனம் 30 மில்லியாம்பியர் கசிந்தாலே கரண்டைத் துண்டித்து, ஷாக்கிலிருந்து நம் உயிரைக் காக்கும். இரண்டும் கட்டாயம் வேண்டும். ஆனால் லூசான ஸ்க்ரூ இரண்டின் கண்ணிலும் படாது.

சூடேறும்போது உலோகம் விரியும், ஆறும்போது சுருங்கும். நாள்தோறும் இப்படி நடக்க நடக்கப் பிடிமானம் தளர்கிறது, துளைக்குள் இருக்கும் பித்தளைப் பட்டை நெகிழ்கிறது, உலோகத்தின் மேல் கறை படிகிறது. தடை கூடுவதால் சூடு கூடும். சூடு கூடுவதால் தடை இன்னும் கூடும். வட்டிக்கு வட்டி ஏறுவது போலத்தான். பிளக்கைச் செருகினால் ஆடுகிறதா, சுவிட்சைப் போட்டால் 'சர்ர்' என்று சத்தம் கேட்கிறதா? அந்தப் பாயிண்டை மாற்றிவிடுங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள புதிய பாயிண்டுக்குச் செலவு சில நூறு ரூபாய்க்குள் அடங்கிவிடும்.

சிறிய துளை, பெரிய பளு

6 ஆம்பியர் துளை தாங்குவது 1,380 வாட். கெட்டில், ஹீட்டர், இண்டக்‌ஷன் அடுப்பு எல்லாம் பெரும்பாலும் அதைத் தாண்டுபவை. அதனால்தான் அவற்றுக்குத் தடித்த முள் உள்ள 16 ஆம்பியர் பிளக் வைக்கிறார்கள். நாமோ கடையில் கன்வெர்ட்டர் வாங்கி, அந்தத் தடித்த பிளக்கைச் சின்னத் துளையில் செருகிவிடுகிறோம். வாடகை வீடுகளிலும் விடுதி அறைகளிலும் இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்குகிறது.

அதைவிட மோசமான பழக்கம் ஒன்று உண்டு. அடிக்கடி டிரிப் ஆகிறது என்று 16 ஆம்பியர் டிரிப்பரைக் கழற்றிவிட்டு 32 ஆம்பியர் மாட்டுவது. டிரிப்பர் முதலில் காப்பது வயரைத்தான். சாதாரண பி.வி.சி. வயரின் மேலுறை 70 டிகிரி செல்சியஸ்வரைதான் தாங்கும். பெரிய டிரிப்பரை மாட்டினால் வயர் வெந்தாலும் கரண்ட் நிற்காது. பழைய வீடுகளில் பியூஸ் கேரியரில் தடித்த செம்புக் கம்பியைச் சுற்றி வைப்பதும் இதே தவறுதான்.

ஆள் பார்க்காதபோது ஓடுபவை

ஃபிரிட்ஜை நாம் அணைப்பதே இல்லை. அதன் முதுகில் தூசி படிகிறது, வயரை எலி கடிக்கிறது, நகர்த்தும்போது சக்கரம் வயரை நசுக்குகிறது. லண்டனில் 2017 ஜூன் 14 அன்று எரிந்த கிரென்ஃபெல் கோபுரத்தில் 72 பேர் இறந்தார்கள். தீயைக் கட்டடம் முழுக்கக் கொண்டுபோனது வெளிச்சுவர் உறைதான். ஆனாலும் அது தொடங்கியது நான்காம் மாடி வீட்டுச் சமையலறையின் ஃபிரிட்ஜில். ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது ஃபிரிட்ஜை இழுத்துப் பின்பக்கத்தைத் துடையுங்கள்.

பிளாஸ்டிக் வாளியில் ஹீட்டர் ராடைப் போட்டுவிட்டுக் கடைக்குப் போகக் கூடாது. தண்ணீர் வற்றி ராடு வெளியே தெரிந்தால் வாளி உருகிப் பற்றிக்கொள்ளும்.

2022 மார்ச்சில் வேலூரில், வீட்டில் சார்ஜில் இருந்த மின் ஸ்கூட்டர் இரவில் தீப்பிடித்து, தந்தையும் மகளும் மூச்சுத் திணறி இறந்தார்கள். லித்தியம் பேட்டரி உள்ளுக்குள் சூடேறத் தொடங்கினால் தன் சூட்டாலேயே மேலும் மேலும் எரியும். எனவே வண்டியை வாசலை மறித்து நிறுத்திச் சார்ஜ் போடாதீர்கள், தூங்கும் நேரத்தில் போடாதீர்கள். தலையணைக்கு அடியில் வைத்துச் சார்ஜ் போடும் செல்போனுக்கும் இதைத்தான் சொல்வேன்.

தீக்கு முன்னால் புகை

தூங்கும்போது மூக்கும் தூங்கிவிடுகிறது. புகை வாடை நம்மை எழுப்பும் என்று நம்பக் கூடாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு, ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பற்றும். மெத்தையும் சோபாவும் எரிந்தால் சயனைடு வாயுவும் கூடவே வரும். படுக்கையறைக்கு வெளியே கூரையில் பேட்டரியில் ஓடும் புகை அலாரம் ஒன்று மாட்டலாம். நம் ஊரில் இன்னும் அந்தப் பழக்கம் வரவில்லை என்பது எனக்குப் பெரிய ஆதங்கம்.

தீப்பிடித்தால் முதலில் மெயின். கரண்ட் இருக்கும்வரை தண்ணீர் ஊற்றக் கூடாது. சிறு தீ என்றால் உலர்தூள் தீயணைப்பானை அடிக்கலாம், ஆனால் தப்பிக்கும் வழி நம் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும். பேட்டரி எரிந்தால் அணைக்க முயலாதீர்கள். குனிந்து வெளியேறி, கதவைச் சாத்திவிட்டு 101-ஐ அழையுங்கள்.

மாவும் மையும் வேண்டாம்

தீக்காயத்தின் மேல் இட்லி மாவு, பேனா மை, பற்பசை எதையும் தடவாதீர்கள். ஐஸும் கூடாது. குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் ஓடவிடுங்கள். வளையல், மோதிரத்தை வீங்குவதற்கு முன் கழற்றுங்கள். ஒட்டிய துணியைப் பிய்க்காமல், சுத்தமான பருத்தித் துணியால் மூடி 108-ஐ அழையுங்கள். மின்சாரம் பாய்ந்த காயம் வெளியே புள்ளியாகத் தெரியும், உள்ளே தசை வெந்திருக்கலாம், இதயத் துடிப்பும் தடுமாறலாம். அதனால் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும்.

புகையில் சிக்கியவர் "நான் நல்லாத்தான் இருக்கேன்" என்றாலும், குரல் கம்மியிருந்தால், மூக்கில் கரி படிந்திருந்தால், தலை சுற்றினால் உடனே கூட்டிப்போங்கள். கொரோனா காலத்தில் வாங்கி வைத்த ஆக்சிமீட்டரை அப்போது நம்ப வேண்டாம். கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தையும் அது ஆக்சிஜன் நிறைந்த ரத்தமாகவே எண்ணி, 98 என்று காட்டும்.