இடுப்பு வலி: பொறுமையும் வேண்டும், சிகிச்சையும் வேண்டும்



பள்ளிவாசல் ஓரத்தில் முன்பு ஒன்றிரண்டு நாற்காலிகள்தான் கிடக்கும். இப்போது பல ஊர்களில் ஒரு வரிசையே நிற்கிறது. எங்கள் பள்ளத்தூர்ப் பக்கமும் அப்படித்தான். அதில் அமர்பவர்கள் எல்லோரும் முதியவர்கள் அல்லர். அரிசி ஆலையில் மூட்டை தூக்கியவரும், வளைகுடாவில் ஆண்டுக்கணக்கில் வண்டி ஓட்டித் திரும்பியவரும் இருக்கிறார்கள். கேட்டால், "இடுப்பு வலி ஹஜ்ரத். அல்லாஹ் தந்தது, பொறுத்துக்கத்தான் வேணும்" என்பார்கள்.

பொறுமை நல்லதுதான். ஆனால் சிகிச்சையைக் கைவிடுவது பொறுமை ஆகாது. மருத்துவம் செய்துகொள்ளலாமா என்று கிராமத்து அரபியர் கேட்டபோது, செய்துகொள்ளும்படியே நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். முதுமையைத் தவிர எல்லா நோய்க்கும் அல்லாஹ் மருந்து வைத்திருப்பதாகவும் சொன்னார்கள் (அபூதாவூத், திர்மிதி). உடல் வலியை முறையிட்ட உஸ்மான் பின் அபில்ஆஸ் (ரலி) அவர்களுக்கு, வலிக்கும் இடத்தில் கை வைத்து ஓதும் துஆவைக் கற்றுத் தந்ததும் அவர்கள்தாம் (முஸ்லிம்). துஆவும் மருந்தும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல.

சரி, பலன் தரும் சிகிச்சை எது?

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2020-ல் உலகில் 61.9 கோடி பேருக்கு இடுப்பு வலி இருந்தது. மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தால் அது நாள்பட்ட வலி. பெரும்பாலோருக்கு இதற்குக் காரணமாக ஒரு குறிப்பிட்ட நோயைச் சுட்டிக்காட்ட முடியாது. இத்தகைய வலிக்கான வழிகாட்டுதலை அந்நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்டது. முறையான உடற்பயிற்சி, பிசியோதெரபி, நோயைப் பற்றிய தெளிவு, மனநல ஆலோசனை, தேவைக்கேற்ப வீக்கம் குறைக்கும் வலி மருந்து ஆகியவற்றை அது பரிந்துரைக்கிறது. நம்மவர்கள் பெரிதும் நம்பும் இடுப்பு பெல்ட், எடை கட்டி இழுக்கும் டிராக்‌ஷன், பழக்கத்துக்கு அடிமையாக்கக்கூடிய ஓபியாய்டு மாத்திரைகள் ஆகியவற்றை வழக்கமான சிகிச்சையாகத் தர வேண்டாம் என்கிறது.

ஆகவே படுத்தே கிடப்பது தீர்வல்ல. இயன்ற அளவு நடப்பதும், இடுப்பு, வயிற்றுத் தசைகளைப் பயிற்சியால் வலுப்படுத்துவதுமே வழி. பத்து நாளில் பலன் தெரியாது. வாரக்கணக்கில் தொடர வேண்டும்.

ஸ்கேனில் 'டிஸ்க் தேய்மானம்' என்று வந்ததும் பலர் பயந்துபோகிறார்கள். வலியே இல்லாதவர்களுக்கும் வயது ஏற ஏற அது ஸ்கேனில் தெரியும். பிரசவ அறுவைக்கு முதுகில் போட்ட ஊசியால்தான் பல வருடமாக வலி என்று நம் பெண்கள் சொல்வதையும் ஆய்வுகள் உறுதிப்படுத்தவில்லை. அந்த எண்ணத்தால் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம்.

மருந்துக் கடையில் தாமாகவே வலி மாத்திரை வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவது இரைப்பையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். பெயர் தெரியாத பொடிகளும் வேண்டாம், ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். மருத்துவம் அறியாமல் வைத்தியம் செய்து கேடு விளைவித்தவர் அதற்குப் பொறுப்பாளி என்பது நபிமொழி (அபூதாவூத்).

சில அறிகுறிகள் இருந்தால் தாமதிக்கவே கூடாது. கால் பலவீனமாவது, மர்ம உறுப்பைச் சுற்றி மரத்துப்போவது, சிறுநீர் அடைப்பது அல்லது கட்டுப்பாடின்றிப் போவது இவை இருந்தால் அன்றே மருத்துவமனை செல்லுங்கள். மாலைக் காய்ச்சலும் எடை குறைவதும் சேர்ந்தால் முதுகெலும்புக் காசநோயா என்று பார்க்க வேண்டும்.

செலவுக்குப் பயந்தும் இருக்க வேண்டாம். காரைக்குடியில் அரசு மருத்துவமனையும், சிவகங்கையில் 2012 முதல் அரசு மருத்துவக் கல்லூரியும் உள்ளன. நடமாட முடியாதவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டிலேயே பிசியோதெரபி உண்டு. பெண்கள் முதலில் பெண் சிகிச்சையாளரைத் தேடலாம். கிடைக்காதபோது தேவைக்கு மார்க்கத்தில் அனுமதி உண்டு. வெட்கத்தால் வலியை மறைக்க வேண்டாம்.

தொழுகைக்கு வருவோம். மூலநோயால் சிரமப்பட்ட இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களிடம், நின்று தொழ வேண்டும், முடியாவிட்டால் உட்கார்ந்து, அதுவும் முடியாவிட்டால் ஒருக்களித்துப் படுத்துத் தொழலாம் என்று நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள் (புகாரி). சலுகை இயலாமையின் அளவுக்குத்தான். நிற்க முடிந்து ஸஜ்தா மட்டும் முடியாதவர், எப்படித் தொழுவதென்று தம் மத்ஹபு ஆலிமிடம் கேட்டுக்கொள்ளட்டும். நாற்காலி வேண்டியவருக்கு அதில் குற்றமில்லை. ஆனால் சிகிச்சை செய்தால் மீண்டும் ஸஃப்பில் நிற்கக்கூடியவர், முயலாமலே வாழ்நாள் முழுவதும் அதில் அமர்ந்துவிடக் கூடாது.

நோயுற்ற அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக! ஆமீன்.