ஆறு பைசா போன வழி

மூலக்கொத்தளத்துத் தொழிலாளர் வீடுகளில் டெலிபோன் மணி அடித்தால் அதை எடுக்கலாகாது என்று ஒரு காலத்தில் ஏற்பாடு இருந்தது. துறைமுகத்துக்கு வேலைக்குப் போனவர் ஒரு முறை அடித்து நிறுத்தினால் வீடு திரும்புகிறார் என்று பொருள். இரு முறை அடித்தால் இரவு வேலையும் உண்டு என்று பொருள். இப்படி வீட்டுக்கு வீடு ஒரு சங்கேதம். 'மிஸ்டு கால்' என்று வழங்கிய இவ்வுபாயத்தால் தொழிலாளிக்குச் செலவில்லை, கம்பெனிக்கு வரவுமில்லை. ஆயிரக்கணக்கான கோடி மூலதனமுள்ள கம்பெனிகளும் பிற்காலத்தில் இதே உபாயத்தில் இறங்கின என்றால் வாசகர்கள் வியப்படையலாம்.

விஷயம் இதுதான். கப்பலிலிருந்து சரக்கை இறக்குபவர் ஒருவர்; அதை ஏற்றுக் கிடங்கில் சேர்ப்பவர் மற்றொருவர். இருவருக்கும் கூலி உண்டு. டெலிபோனும் அவ்வாறே. ஒரு கம்பெனியின் சந்தாதாரர் வேறொரு கம்பெனியின் சந்தாதாரரை அழைத்தால், அவ்வழைப்பைக் கடைசி வரை கொண்டு சேர்க்கும் கம்பெனிக்கு முதற் கம்பெனி கூலி தர வேண்டும். இதுவே இணைப்புக் கட்டணம். 2003 மே மாதத்துக்கு முன் செல்போன் வைத்திருந்தவர், தமக்கு வரும் அழைப்புக்கும் தாமே பணம் கொடுத்து வந்தார். அழைப்பவரே செலவை ஏற்க வேண்டும் என்ற விதி அம்மாதம் அமுலுக்கு வந்தது. 2004-இல் நிமிஷத்துக்கு 30 பைசா என்றிருந்த இக்கூலியை, ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2009-இல் 20 பைசாவாகவும், 2015-இல் 14 பைசாவாகவும், 2017 அக்டோபரில் 6 பைசாவாகவும் குறைத்தது.

இதனிடையே 2016 செப்டம்பரில் ஜியோ கம்பெனி இலவசப் பேச்சுடன் களத்தில் இறங்கிற்று. சுதேசிக் கப்பல் கம்பெனியை வீழ்த்த வெள்ளையர் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போன கதையை அறிந்தவர்களுக்கு இலவசம் என்ற சொல் சற்று நெருடும், அது நிற்க. புதிய கம்பெனிக்குப் போதிய இணைப்பு வாயில்களைத் தரவில்லையென்று பழைய கம்பெனிகள் மூன்றின் மீது 3,050 கோடி ரூபாய் அபராதம் விதிக்கும்படி டிராய் அவ்வருஷம் அக்டோபரில் சிபாரிசு செய்தது.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. 2019-இல் கம்பெனிகள் மணி அடிக்கும் நேரத்தை 25 விநாடி அளவுக்குக் குறுக்கின. மணி சீக்கிரம் நின்றால் எடுக்கத் தவறியவர் திருப்பி அழைப்பார். அப்போது கூலி கொடுக்க வேண்டிய கம்பெனி கூலி வாங்கும் கம்பெனியாகிவிடும்! ஏழை தன் சில்லறையைக் காக்கச் செய்த தந்திரம், பெருமுதலாளிகளின் வியாஜ்யமாயிற்று. நவம்பரில் டிராய் தலையிட்டு, செல்போன் மணி 30 விநாடி அடிக்க வேண்டுமென்று உத்தரவிட்டது. முடிவில், 2021 ஜனவரி 1 முதல் செல்போன்களுக்கிடையே கட்டணமே இல்லை என்றாயிற்று.

பேச்சு மலிந்தது, மறுக்கவில்லை. ஆனால் வழக்கில் மூன்றாம் கட்சி ஒருவர் உண்டு. அவரை யாரும் விசாரிக்கவில்லை. அவர் அழைப்பதில்லை, மகன் அழைப்பதை எடுக்க மட்டும் பட்டன் போன் வைத்திருக்கும் தாயார். 2005-ஆம் வருஷக் கடைசியில் 999 ரூபாய் கட்டினால் ஆயுள் முழுதும் அழைப்பை ஏற்கலாம் என்று கம்பெனிகள் அவரை வரவேற்றன. தயாளம் அன்று, அவருக்கு வந்த ஒவ்வொரு நிமிஷமும் கம்பெனிக்கு 30 பைசா ஈட்டியது. அவ்வரவு 6 பைசாவாகச் சுருங்கியதும் அவர் பாரமானார். 2018-ஆம் வருஷக் கடைசியில், 28 நாளைக்கு 35 ரூபாயேனும் கட்டாவிடில் வரும் அழைப்பும் நிற்கும் என்று ஏர்டெலும் வோடபோன் ஐடியாவும் அறிவித்தன. 2024 ஜூலையில் ஏர்டெலின் 28 நாள் கட்டணம் 199 ரூபாயை எட்டிற்று. இணைப்புக் கட்டணம் ஒழிந்ததே இதற்கு முழுக் காரணமென்று நாம் வாதிடவில்லை. கம்பெனிகள் சிலவாகச் சுருங்கியதும், அவற்றின் கடன் சுமையும் காரணங்களே. ஆயினும் அவரை வைத்துக்கொள்ளக் கம்பெனிக்கு இருந்த லாபம் அந்தப் பைசாக்களோடு போயிற்று.

இன்டர்நெட் வேண்டாதவருக்குப் பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டும் தனித் திட்டம் தர வேண்டுமென்று 2024 டிசம்பரில் டிராய் விதித்தது நன்றே. அழைப்பை ஏற்க மட்டும் டெலிபோன் வைத்திருப்பவரை அவ்விதி தனியே கருதவில்லை. அவருக்கென ஒரு கட்டணத்தை ஆணையம் விதித்தாக வேண்டும். தொகை எவ்வளவு என்பதைக் கம்பெனிகளின் கணக்கைத் தருவித்துப் பார்த்தே நிர்ணயிக்கட்டும்.