அழுகைக் கோச்சியில் போன அத்தை

வீட்டையே சக்கரங்களின்மேல் அமைத்துக்கொண்டு தேசம் தேசமாகச் சுற்றிவரும் குடும்பங்கள் மேலை நாடுகளில் உண்டு. அடுப்பு, கட்டில், தண்ணீர்த் தொட்டி யாவும் அவ்வண்டிக்குள்ளேயே அடங்கிவிடும். மாதக்கணக்கில் அயல்நாட்டுத் தெருக்களில் திரிந்தபின், ஒரு நாள் வண்டியைத் தம் ஊர்ப் பக்கம் திருப்புவார்கள். புறப்பட்டபோது இருந்த உற்சாகம் திரும்பும்போது இருப்பதில்லை. ஆயினும் பாதையின் முடிவில் தமது வீட்டுக் கதவு இருக்கிறது, அதன் சாவி தம்மிடம் இருக்கிறது என்ற நிம்மதி உடன் வருகிறது. இத்தகைய பயணக் கதையொன்றை வகுப்பில் கூறிக்கொண்டிருந்தபோது, பசறைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி எழுந்தாள்.

"சேர், நம்ம ஆளுங்க இந்தியாவுக்குப் போனதையும் 'தாயகம் திரும்பினாங்க'ன்னுதானே சொல்றாங்க? அவங்ககிட்ட எந்த வீட்டுச் சாவி இருந்துச்சு?"

அன்று அவளுக்கு விடை கூறாமலே பாடத்தைத் தொடர்ந்தோம். அந்தக் கடனை இங்கே ஓரளவாவது தீர்க்க முயல்கிறோம்.

பதுளைக்குப் புகையிரதம் வந்தது 1924ஆம் ஆண்டில். அதற்கு முன்னரே எமது முன்னோர் இம்மலைகளுக்கு வந்துவிட்டனர். மன்னாரில் கரையிறங்கி, காட்டு வழியே தம்புள்ளை, மாத்தளை என்று கால்நடையாக ஏறி வந்தவர்கள் அவர்கள். வழியில் காய்ச்சலுக்கும் பேதிக்கும் பலியானோர் பலர். எஞ்சியோர் கோப்பி நட்டனர். கோப்பி நோயால் அழிந்தபின் தேயிலை நட்டனர். ஊவா மலைத் தேயிலையின் மணம் உலகச் சந்தையில் பேர்பெற்றது. நட்டவர்களோ 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாயினர்.

பின்னர் 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி, புது டில்லியில், பிரதமர்கள் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டனர். நாடற்றவர் தொகை 9,75,000 என மதிப்பிடப்பட்டது. அவர்களுள் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும். 3,00,000 பேருக்கு இலங்கை பிரசாவுரிமை வழங்கும். எஞ்சிய 1,50,000 பேரின் கதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. அந்த எச்சத்தை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டன. நால்வர் இங்கே தங்கினால் எழுவர் அங்கே செல்லவேண்டும் என்பது கணக்கு. மாடு பிடிக்கும் சந்தையிலேகூட மாட்டைத் தடவிப் பார்த்துத்தான் விலை பேசுவார்கள். இங்கே சம்பந்தப்பட்ட சனங்களை ஒருவரும் கேட்கவில்லை என்ற மனத்தாங்கல் மலையகத்தில் இன்றும் உண்டு. ஒப்பந்தம் கைச்சாத்தாகி இரண்டு மாதங்கள் நிறையுமுன் பெரும் புயலொன்று தனுஷ்கோடியை அழித்தது. எனவே போனவர்கள் தனுஷ்கோடியில் அல்ல, இராமேஸ்வரத்தில் கரையிறங்கினார்கள்.

கணக்கு நாட்டுக்கு ஒன்று; குடும்பத்துக்கு வேறொன்று. எமது பாட்டனார் இலங்கைக்கு விண்ணப்பித்தார். அத்தையை மணம் பேசி வந்த வீட்டாரோ இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்திருந்தனர். 1973ஆம் ஆண்டு. தோட்டங்களில் அரிசிக்கும் மாவுக்கும் கடும் பஞ்சம் தொடங்கிய காலம். "போகிற இடத்திலாவது பிள்ளை வயிறாரச் சாப்பிடட்டும்" என்று பாட்டி கூறினாராம். அவசர அவசரமாகக் கல்யாணம் நடந்தது. அத்தைக்கு அப்போது 19 வயது. அவருடைய தம்பியாகிய எமது தந்தைக்கு 15.

நமுனுகுலை மலைச் சாரலில், தோட்டத்துப் பணிய லயத்தில், அவர்களுடைய காம்பரா இருந்தது. ஒரே அறை, முன்னால் ஓர் இஸ்தோப்பு. கல்யாணம் முடிந்த சில மாதங்களில் கடவுச்சீட்டு வந்தது. தேயிலை ஏற்றும் பலகைப் பெட்டிகள் இரண்டில் சாமான்கள் அடுக்கப்பட்டன. செப்புக் குடம், அரிவாள்மணை, இரண்டு கம்பளி, ஒரு முருகன் படம். கொழுந்துக் கூடையையும் அத்தை வைக்கப் போனபோது மாமியார் தடுத்துவிட்டார். "ஊருல நமக்குக் காணி இருக்கு. அங்க போயும் கூடை எதுக்கு?" என்றாராம். திருச்சிராப்பள்ளிப் பக்கத்தில் எங்கோ ஒரு கிராமம். அதை மாமியாரும் கண்ணால் கண்டதில்லை.

பதுளை நிலையத்திலிருந்து புறப்பட்ட அந்த வண்டிகளுக்கு மலையக மக்கள் வைத்த பெயர் அழுகைக் கோச்சி. வண்டி ஊதியதும் மேடையெங்கும் ஒப்பாரி எழும். இறந்தவருக்குப் பாடுவது போலவே உயிரோடு போகிறவருக்கும் பாடினார்கள். ஜன்னலில் நீட்டிய கையைப் பிடித்தபடி மேடையின் கடைசிவரை ஓடுவார்கள். எமது தந்தையும் அப்படி ஓடினார். மேடை முடிந்த இடத்தில் கீழே விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டார். அந்தத் தழும்பைச் சிறுவயதில் நாம் தொட்டுப் பார்த்திருக்கிறோம்.

பயணத்தின் முற்பகுதி முழுவதும் பழகிய மலைகளே. ஹாலிஎல தாண்டி, தெமோதரையில் வண்டி தன் பாதைக்குக் கீழேயே நுழைந்து, வளையமிட்டு மேலேறிச் செல்லும். எல்ல, பண்டாரவளை, தியத்தலாவை, ஹப்புத்தளை ஆகிய நிலையங்கள்தோறும் வேறு தோட்டத்தார் ஏறினர்; அவர்களுடன் வேறு ஒப்பாரிகளும் ஏறின. பட்டிப்பொலை உச்சியைக் கடந்ததும் ஊவா மறைந்துவிடும். பொல்கஹவெலையில் இறங்கி வண்டி மாறி, அநுராதபுரம், மதவாச்சி, மன்னார் வழியாகத் தலைமன்னார். அதற்குமேல் கடல். 'இராமானுஜம்' என்ற கப்பலின் பெயரை மலையகத்து முதியோர் இன்னும் மறக்கவில்லை. முதல்முறையாகக் கடலைக் கண்ட அத்தை, அதையும் மூடுபனி படிந்த பள்ளத்தாக்கென்றே எண்ணினாராம்.

மண்டபம் முகாமில் சில காலம் தங்கியபின், மாமியார் சொன்ன கிராமத்தைத் தேடிச் சென்றனர். காணி இருந்தது, அதில் மூன்று தலைமுறையாக உறவினர் உழுதுகொண்டிருந்தனர். அவர்களைக் குறைகூற எமக்கு மனம் வரவில்லை. நூறாண்டுகளாகக் கடிதமும் போடாத ஒருவன் பேரனை அனுப்பினால் யார்தான் வரப்பை நகர்த்துவார்கள்? ஓராண்டு கூலி வேலை செய்து பார்த்தபின், குடும்பம் கோத்தகிரிக்குப் போயிற்று. இவர்களைப் போன்றோருக்காகவே தமிழ்நாடு அரசு 1968இல் நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களை அமைக்கத் தொடங்கியிருந்தது. கூடலூர், பந்தலூர், வால்பாறை எனப் பல இடங்களிலும் எம்மவர் குடியேறினர். வேறு சிலர் கேரளத்தின் புனலூருக்கும் கர்நாடகத்தின் சுள்ளியாவுக்கும் இறப்பர் வெட்டச் சென்றனர்.

அத்தை மறுபடியும் கொழுந்து கிள்ளினார். குளிரும் பனியும் பழகியவைதான். இங்கே அவர்களை 'இந்தியாக்காரர்' என்றனர். அங்கே 'சிலோன்காரர்' என்றனர்.

கடிதங்கள் வந்தன. 1984இல் யுத்தத்தால் கப்பல் நின்றது. 1990இல் தலைமன்னார்ப் புகையிரதமும் நின்றது. பாட்டனாரும் பாட்டியும் மறைந்த செய்திகள் தந்தியாகவே கடல் தாண்டின.

2015இல் தலைமன்னார்வரை புகையிரதம் மீண்டும் ஓடத் தொடங்கியது, கப்பல்தான் வரவில்லை. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே சுமார் 30 கிலோ மீற்றர் கடல். அதைக் கடக்க அத்தை கோத்தகிரியிலிருந்து கோயம்புத்தூர் சென்று, அங்கிருந்து சென்னை சென்று, விமானமேறிக் கொழும்பு வந்தார். இது 2018ஆம் ஆண்டு ஆவணி மாதம். 64 வயது மூதாட்டி கையில் 30 நாள் விசாவுடன், பிறந்த நாட்டுக்குச் சுற்றுலாப் பயணியாக வந்து இறங்கினார். காலையில் கோட்டையில் ஏறி மாலையில் பதுளை சேரும்வரை ஜன்னலை விட்டு அகலவில்லை. உடன் வந்த எமக்கு ஒவ்வொரு நிலையத்தின் பெயரையும் அது வருமுன்பே சொன்னார். ஓரிடத்தில்கூடத் தவறவில்லை.

மறுநாள் தோட்டத்துக்கு அழைத்துச் சென்றோம். பணிய லயம் அப்படியே இருந்தது. கூரைத் தகரம் மட்டும் மாறியிருந்தது. அவர் பிறந்த காம்பராவில் வேறொரு குடும்பம். அந்த வீட்டுப் பெண் முதலில் ஐயத்தோடுதான் பார்த்தாள். காம்பராவுக்கு உரிமை கேட்டு யாரோ வந்துவிட்டார்களென்று நினைத்தாள் போலும். அத்தை அதைப் புரிந்துகொண்டார்.

"ஒன்னுமில்ல தாயி. இந்த இஸ்தோப்புல சித்த நேரம் உக்காந்துட்டுப் போறேன்."

அவள் பாய் விரித்தாள். பிளேன்டீயும் சர்க்கரையும் கொண்டுவந்தாள். அத்தை சர்க்கரையை உள்ளங்கையில் வைத்து நக்கியபடி தேநீரைக் குடித்தார். கோத்தகிரியில் ஐந்து பேரப்பிள்ளைகளுக்கு முன்னால் அப்படிக் குடிக்க வெட்கம் என்றார்.

திரும்பும் வழியில் மலையோரமாக நின்ற தேயிலைச் செடியில் அவர் கை தானாகவே சென்றது. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளி, முகர்ந்து பார்த்தார். காற்று உலர்ந்து வீசும் அந்த மாதங்களில்தான் ஊவாத் தேயிலைக்கு அதன் தனி மணம் ஏறுகிறது. "அங்க இந்த வாசம் கிடையாது. ஆனா இங்க கவ்வாத்து சரியில்ல, அய்யா" என்றார், நாற்பது வருட அநுபவம் பேசிற்று.

நாங்கள் எதிர்பாராத ஒன்று பிறகு நிகழ்ந்தது. 20 நாட்கள் கழிந்ததும் அத்தை நாட்காட்டியைப் பார்க்கத் தொடங்கினார். பேரனுக்குப் பரீட்சை, மாடு ஈனும் காலம், மருமகளால் தனியே சமாளிக்க முடியாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். "வீட்டுக்குப் போகணும்" என்றார். பதுளையைச் சொல்லும்போது 'ஊர்' என்பார். கோத்தகிரியைச் சொல்லும்போது 'வீடு' என்பார். இரண்டையும் ஒரே சொல்லால் சொல்லி அவர் வாயிலிருந்து நாம் ஒருமுறையும் கேட்கவில்லை. மாணவி கேட்ட சாவியைப்பற்றி நினைக்கும்போதெல்லாம் இந்த இரண்டு சொற்களே எமக்கு நினைவுக்கு வருகின்றன.

புறப்படும் நாளன்று விடியற்காலையிலேயே சாமான்களைக் கட்டிவிட்டார். நமுனுகுலைத் தேயிலை இரண்டு கிலோ, கித்துள் கருப்பட்டி, பாட்டியின் படம் ஒன்று. வாடகைக் கார் வாசலில் நின்றது. தந்தையார் சட்டை அணிந்து, செருப்பும் மாட்டிக்கொண்டு திண்ணைவரை வந்தவர், அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

"நீங்க ஸ்டேஷனுக்கு வரலியா, அப்பா?"

"நீ போய் அக்காவ ஏத்திவிட்டுட்டு வாப்பா."

அத்தை அவரை வற்புறுத்தவில்லை. குனிந்து, தம்பியின் முழங்காலை ஒரு தரம் தடவிக் கொடுத்துவிட்டுக் காரில் ஏறினார்.